ஆறு வருடம் உழைத்த பில்ஜ் பம்பும் ஊறிப்போன பின்பலகையும்

பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கிய நண்பர் நேற்று கேட்டார்: "அடியில தண்ணி நிக்குது. உங்க படகுல இருக்கிற பம்ப் எப்படி, வாங்கலாமா?" ஆமாம் என்று உடனே சொல்ல வாய் வரவில்லை. போன மாதம்தான் படகின் பின்பக்கத்தை மூடும் பின்பலகையை அறுத்து வேலை பார்த்து முடித்தேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் பம்புக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் பில்ஜ் பம்ப். என்னுடையது மணிக்கு 500 கேலன் இறைக்கும் சின்ன பம்ப், தண்ணீர் ஏறினால் தானாக ஓடவைக்கும் மிதவை ஸ்விட்ச்சோடு. அது ஏறக்குறைய 1,900 லிட்டர். குழாய் மேலே ஏற ஏற அளவு குறையும், உள்ளே வரிவரியாக இருக்கும் குழாய் போட்டால் இன்னும் குறையும். ஆறு வருடத்தில் ஒரு முறைகூட மோட்டார் நின்றதில்லை. ஒரு முறை ராத்திரி முழுக்கக் கொட்டிய மழையில் படகு கட்டியபடியே கிடந்தது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் அடியில் இரண்டு விரல் தண்ணீர்கூட இல்லை. மிதவையில் தூண்டில் நரம்பு சுற்றி ஒரு தடவை மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

நன்றாக வேலை செய்ததுதான் எனக்கு வினையாகப் போனது. அடியில் தண்ணீர் தேங்கவே இல்லை என்பதால், தண்ணீர் வருகிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே 6 மி.மீ. ஓட்டை ஒன்று இருந்தால் மணிக்குச் சுமார் 100 லிட்டர் உள்ளே வரும். இந்த பம்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வந்ததை வந்தபடி வெளியே தள்ளிவிடும். பேட்டரி சீக்கிரம் இறங்குகிறதே என்று நான் பேட்டரியைத்தான் மாற்றினேன்.

குற்றவாளி, மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் கருவியின் சென்சாரைப் பின்பலகையில் பிடித்திருந்த இரண்டு திருகுகள். பழைய சொந்தக்காரர் அவற்றின் மேல் சிலிக்கான் பசையை அப்பியிருந்தார். நீர்மட்டத்துக்குக் கீழே சாதாரண சிலிக்கான் ரொம்ப நாள் பிடிக்காது. அது ஒட்டிய இடத்தில் அப்புறம் வேறு எதுவும் சரியாக ஒட்டவும் ஒட்டாது. திருப்புளியை வைத்து அரைச் சுற்றுதான் சுற்றினேன், திருகு விரலோடு வந்துவிட்டது. பின்னாலேயே கடுந்தேநீர் நிறத்தில் தண்ணீர் கசிந்து கோடாக இறங்கியது. உள்ளிருக்கும் பிளைவுட் ஊறிப்போனதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம். திருப்புளிப் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். மேலே 'டக் டக்' என்று கேட்ட சத்தம் ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு 'பொத் பொத்' என்று அமுங்கியது.

அழுகிய பகுதியை வெட்டி, நன்றாகக் காயவிட்டு, புதுப் பிளைவுட் வைத்து ஃபைபர் போட்டேன். திருகு ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து எபாக்ஸி பசையால் அடைத்து, அது இறுகிய பிறகு நடுவில் புதிதாகத் துளையிட்டேன். இனி ஓட்டை வழியே தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. திருகுக்கு நீர்மட்டத்துக்குக் கீழே தாங்கும் பாலியூரித்தேன் சீலன்ட். தண்ணீரை வடிக்கத் திறக்கும் அடி மூடியின் ரப்பர் வளையமும் கல்லாக இறுகிப்போயிருந்தது, அதையும் மாற்றினேன்.

ஆக, நல்ல பம்ப். ஆனாலும் நண்பரிடம் "இப்போ வாங்காதீங்க" என்றுதான் சொன்னேன். படகைக் கரையேற்றி, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, சாக்பொடி தடவிவிட்டு, உள்ளே கணுக்கால் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அதற்கு மேல் வேண்டாம், 100 லிட்டர் என்றால் 100 கிலோ, கீழே முட்டுக் கொடுத்திருக்கும் இடத்தில் ஃபைபர் விரிசல் விடும். பொடி எங்கே நனைகிறதோ அங்கேதான் வேலை. அதை முடித்துவிட்டு வரட்டும், பம்ப் பெயரைச் சொல்கிறேன்.

என் பம்பைக் கழற்றவில்லை. அது ஓடும்போதெல்லாம் எரியும் ஒரு சிவப்பு விளக்கைச் சுக்கான் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மூன்று வாரமாக எரியவில்லை. நேற்று மட்டும் பின்மூலையில் துணியால் ஒற்றி எடுக்கும் அளவுக்கு ஈரம் இருந்தது. நங்கூரக் கயிற்றிலிருந்து சொட்டியதாகத்தான் இருக்கும். இருந்தாலும் துடைத்துவிட்டு அந்த இடத்திலும் சாக்பொடி தூவி வைத்திருக்கிறேன்.