அட்டை விலை குறைந்தது, தரையின் சூடு குறையவில்லை

நீர் விளையாட்டுப் பூங்காவின் ஆண்டு அட்டை விலையைக் குறைத்துவிட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, பாளையங்கோட்டையில் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, வாங்கிப் போடலாமா?" பல வருடமாக அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். பூங்காவின் பெயர் இங்கே வேண்டாம். எத்தனை சறுக்கு, எத்தனை குளம், லாக்கர் வாடகை எவ்வளவு என்பதையெல்லாம் நுழைவாயில் பலகையில் படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல வருவது புதிதாக வந்திருக்கும் தலைமை நிர்வாகியைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அவர் போட்ட நீலப் பாதையைப் பற்றி.

உடைமாற்றும் அறையிலிருந்து பெரிய சறுக்கின் படிக்கட்டு வரைக்கும் நல்ல தூரம். செருப்புப் போடக் கூடாது. முன்பு அந்த வழி முழுக்கத் தென்னைநார்ப் பாய் விரித்திருக்கும். வயதான ஊழியர் ஒருவர் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்து அவ்வப்போது பாயை நனைத்துவிட்டுப் போவார். நார் உள்ளங்காலில் கொஞ்சம் குத்தும். ஆனால் குளிர்ச்சியாக இருக்கும், வழுக்காது. பார்க்க அழகில்லைதான். ஓரமெல்லாம் பிரிந்து, நடுவில் கறுத்து, ஐப்பசி மழையில் ஒரு பூஞ்சை வாடையும் அடிக்கும். புதியவர் வந்த கொஞ்ச நாளிலேயே பாயைச் சுருட்டி எடுத்துவிட்டு, சிமென்ட் தரைக்கு நீலப் பெயிண்ட் அடித்து, இடையிடையே வெள்ளை மீன்களை வரைந்துவிட்டார்கள். உயரத்திலிருந்து எடுத்த விளம்பரப் படத்தில் ஆறு ஓடுவதுபோல் இருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் அந்த ஆற்றில் கால் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் நீலத்தைத் தவிர்த்துவிட்டு மீன் மீனாகத் தாவிப் போகிறார்கள். வெள்ளை கொஞ்சம் குறைவாகச் சுடும் என்பதை அதுகளாகவே கண்டுபிடித்துவிட்டன. என் மதினி இரண்டு ஈரத் துண்டுகளோடு போகிறார். ஒன்றை விரித்து அதில் நின்றுகொண்டு, அடுத்ததை முன்னால் போட்டு, பின்னால் கிடப்பதை எடுத்து, இப்படியே படிக்கட்டு வரை. பணம் கொடுத்து உள்ளே வந்தவர் படும் பாடு இது.

இந்த நிர்வாகி ஒரு பெரிய ஜவுளி வணிக வளாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் நியமனம் தெரிந்த அன்றே பழைய அட்டைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். துணிக்கடைக்காரருக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். ஒன்றும் செய்யாத ஆளை இப்படிப் பேசுவது அநியாயம் என்றுதான் நான் வாதாடினேன். ஆனால் இந்தச் சந்தேகம் நம் ஊரில் மட்டும் முளைத்ததில்லை. 1994-இல் கலிபோர்னியா டிஸ்னிலேண்டின் தலைவராக வந்த பால் பிரஸ்லர், அதற்கு முன் டிஸ்னியின் பொம்மை, சட்டைக் கடைகளை நிர்வகித்தவர். பராமரிப்பில் கையை இறுக்கிக்கொண்டு கடைகளைப் பெருக்கினார் என்பது அங்குள்ள ரசிகர்களின் தீராத குற்றச்சாட்டு. 2002-இல் அவர் கேப் என்ற ஆயத்த ஆடை நிறுவனத்துக்குத் தலைமை ஏற்கப் போய்விட்டார். 2003 செப்டம்பரில் டிஸ்னிலேண்டில் பிக் தண்டர் மவுண்டன் என்ற விளையாட்டு ரயில் தடம் புரண்டு ஒருவர் இறந்தார். பராமரிப்புக் கோளாறுதான் காரணம் என்று மாநில அரசின் விசாரணை சொன்னது. போய்விட்ட ஆளின் தலையில் அதைக் கட்டுவது சரியில்லை. இருந்தாலும் ரசிகர்கள் கட்டினார்கள்; மனசு அப்படித்தான் கணக்குப் போடும்.

அதே 2003-இன் கடைசியில் டிஸ்னிலேண்டின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் மேட் விமெட். 2005-இல் வரவிருந்த 50-ஆம் ஆண்டு விழாவை முன்வைத்து, உரிந்துபோன பெயிண்டையும் பழுதையும் வரிசையாகச் சரிசெய்யவைத்தார். முதலில் முறைத்தவர்களே பிறகு அவரைக் கொண்டாடினார்கள். ஆகவே புதியவர் என்றாலே பூங்கா நாசம் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

நம்முடையவரும் நல்லது செய்யாதவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அலைக்குளத்தில் முன்பு பாதி நேரம் அலையே வராமல் கிடந்தது. இப்போது கழுத்தளவுத் தண்ணீரில் நின்றால் தூக்கி அடிக்கிறது. கழிப்பறைகளில் தாழ்ப்பாள் இருக்கிறது, தாழ்ப்பாள் போடவும் முடிகிறது. குளோரின் நெடி குறைந்து, வீடு திரும்பும்போது கண் சிவப்பதில்லை. ஒவ்வொரு குளத்துக்கும் விசிலோடு ஒருவர் நிற்கிறார், கைபேசியைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்க்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே சாம்பார் சாதம்! அந்த உணவகத்தில் முன்பு கிடைத்தது என்னவென்று நினைத்துப் பார்க்கவே விருப்பமில்லை. இப்போது முருங்கைக்காயும் மாங்காயும் போட்டு, நெய் மணக்க, எண்ணெய் சொட்டாத அப்பளத்தோடு தருகிறார்கள். நீச்சல் உடையில் உட்கார்ந்து அப்படி ஒரு சாப்பாடு வேறெங்கும் நான் சாப்பிட்டதில்லை. யார் சமைக்கிறார்களோ, கை வாழட்டும்.

மஞ்சள் கைப்பட்டைக்குத் தனிக் காசு கொடுத்தால் வரிசையில் நிற்காமல் முன்னே போகலாம் என்று ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. டிஸ்னியும் 1999-இல் இலவசமாகக் கொண்டுவந்த விரைவு வரிசையை 2021-இல் காசுக்கு மாற்றியது. உலகம் போகிற வழி, விடுங்கள்.

ஆனால் அட்டை விஷயத்தை விட முடியாது. விலை குறைந்தது உண்மை. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஏப்ரல், மே மாத ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லாது என்று எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறது. இந்தச் சீமையில் எவனுக்கு ஜூலையில் செயற்கை அருவி வேண்டும்? தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் குற்றாலத்தில் சாரல். ஐந்தருவியில் காசில்லாமல் தலையைக் கொடுத்துவிட்டு வரலாம். அருவி வறண்டு, அக்னி நட்சத்திரம் கொளுத்தி, பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் வீட்டைப் புரட்டிப் போடுகிற அந்த இரண்டு மாதத்துக்காகத்தானே ஆண்டு அட்டை! தேவையான நாளைக் கழித்துக்கொண்டு தேவையில்லாத நாளை மலிவாக விற்பது ஜவுளிக்கடைத் தள்ளுபடிக் கணக்கு. டிஸ்னிலேண்ட் 2021-இல் பழைய ஆண்டு அட்டைகளை நிறுத்திவிட்டு, முன்பதிவோடு கூடிய புது அட்டைகளை விற்றது. அவற்றில் உச்ச விலை 1,399 டாலர். தடை நாளே கிடையாது என்று சொல்லி விற்ற அந்த அட்டைக்குச் சில நாட்களில் முன்பதிவு கிடைக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். 2023-இல் 95 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. நம்மவர் கெட்டிக்காரர், தடை நாளை அச்சடித்தே கொடுத்துவிட்டார். வழக்குப் போட வழியில்லை.

நீலப் பாதையைப் பற்றிப் புகார்ப் புத்தகத்தில் எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று குறுஞ்செய்தி வந்தது. பிறகு ஒரு மதியம் அந்த நிர்வாகியையே அந்தப் பாதையில் பார்த்தேன். மரியாதையான மனிதர், நின்று கேட்டார். "சூடு தாங்கும் பெயிண்ட் சொல்லியிருக்கிறோம் சார், வந்துவிடும்" என்றார். சொல்லும்போது நான் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் பளபளக்கும் தோல் ஷூ போட்டிருந்தார். "ஷூவைக் கழற்றிவிட்டு இந்தப் படிக்கட்டு வரை ஒரு நடை வாருங்கள் சார்" என்றேன். சிரித்தார். அந்தப் பெயிண்ட் இன்றுவரை வரவில்லை. டிஸ்னிலேண்ட் திறந்த அன்று, 1955 ஜூலை 17, வெயிலில் புதுத் தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்பு தரையில் புதைந்ததாம். அது அவசரத்தில் போட்ட தார். குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய் வைப்பதா, கழிப்பறையை முடிப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைமையும் இருந்தது. இங்கே என்ன நெருக்கடி? நன்றாக இருந்த பாயை எடுக்கச் சொல்லி யார் அழுதார்கள்?

ஆக, கேட்டவர்களுக்கு என் பதில்: அலை நன்றாக இருக்கிறது, தண்ணீர் சுத்தம், சாப்பாடு பிரமாதம், அட்டை வாங்காதீர்கள். வேலை நாளில் ஒருநாள் டிக்கெட் எடுங்கள். கதவு திறந்ததும் பெரிய சறுக்கை முடித்துவிட்டு, சாப்பாட்டு நேரம் வரை அலைக்குளத்தை விட்டு ஏறாதீர்கள். நானும் இந்த முறை புதுப்பிப்பதாக இல்லை. மதினி மட்டும் புதுப்பித்துவிட்டார். அந்தச் சாம்பார் சாதத்துக்கு வேறு வழி இல்லையாம். பாயைத் திரும்ப விரித்துவிட்டார்கள் என்று அவர் போன் செய்தால், ஞாயிற்றுக்கிழமை கிடைக்காவிட்டாலும் சரி, அன்றைக்கே நானும் போய் வாங்கிவிடுவேன்.