லோரியா, காக்டெயிலா, லவ் பேர்ட்ஸா: டெல்டா வீட்டுக்கு எது தாங்கும்?

மன்னார்குடியில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன வாரம் போன் பண்ணினான். "அண்ணே, ஒரு லோரி வாங்கலாம்னு இருக்கேன். உங்க வீட்ல இருக்கிற மாதிரியே, நீலத் தலை, சிவப்பு மூக்கு. பழம் போட்டாலே போதும்னு கடைக்காரர் சொல்றாரு." நாலு வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் விற்றார்கள். "மத்தியானம் வீட்ல யாருடா இருப்பா?" என்று கேட்டேன். "ஏண்ணே, கிளிக்குக் காவலா?" என்று சிரித்தான். காவலுக்கு இல்லை. கிண்ணம் மாற்றுவதற்கு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பக்கத்துக் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பது பெரும்பாலும் பட்ஜி (பட்ஜெரிகர்) என்கிற சின்னக் கிளி. நிஜமான லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை; அதை 'ஆப்பிரிக்கன்' என்று தனியாகச் சொல்வார்கள். கொண்டையும் ஆரஞ்சுக் கன்னமுமாக இருப்பது காக்டெயில் (குடிக்கிற சமாச்சாரம் இல்லை). வானவில்லைக் கரைத்து ஊற்றியதுபோல இருப்பது லோரிகீட், சுருக்கமாக லோரி.

பட்ஜி, காக்டெயில், வானவில் லோரி மூன்றுக்கும் ஆஸ்திரேலியாதான் சொந்த ஊர் என்றாலும், பிறந்த மண் வேறு வேறு. முதல் இரண்டும் உள்நாட்டு வறண்ட நிலத்தில் புல் விதை பொறுக்கித் தின்று வளர்ந்தவை. லோரி, கிழக்குக் கரையோரம் பூக்கிற மரங்களில் தேனும் மகரந்தமும் நக்கி வளர்ந்தது. நம் பாஷையில் சொன்னால் அவை புன்செய்ப் பறவைகள், இது பூமரப் பறவை. தீனி, எச்சம், செலவு, நம் நேரம் எல்லாவற்றிலும் வருகிற வித்தியாசம் இந்த ஒன்றிலிருந்து கிளம்புவதுதான்.

லோரியின் நாக்கைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். விரல் நுனியில் துளி தேன்கலவை தடவி நீட்டுங்கள். கறுத்த நாக்கு வெளியே வரும். நுனியில் மயிர் மயிராக விரிந்து பெயின்ட் பிரஷ் மாதிரி விரலைத் துடைத்துவிட்டு உள்ளே போகும். விரலில் ஒட்டியது ஒரு நொடியில் காணாமல் போய்விடும். எங்கள் அத்தை முதன்முதலில் பார்த்தபோது, "இதை வச்சுக் கோலமே போடலாம் போலிருக்கே" என்றார். பூவுக்குள் விட்டுத் துழாவ உண்டான நாக்கு அது. விதையை அரைக்கிற அளவுக்கு அதன் இரைப்பையில் வலு கிடையாது. சூரியகாந்தி விதையைப் போட்டால் சில லோரிகள் உடைத்துத் தின்னவும் செய்யும்; ஆனால் அதையே தினசரித் தீனியாக்குவது அந்தப் பறவைக்கு ஆகாது.

சரி, லோரிக்கு என்னதான் போடுவது? லோரிக்கென்றே விற்கும் நெக்டார் (பூந்தேன்) பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறேன். என் பறவைக்குக் காலையில் 30 மில்லி, சாயங்காலம் 30 மில்லி. நடுவில் பப்பாளி, கொய்யா, ஒரு துண்டு பூவன் பழம். வெறும் சர்க்கரைத் தண்ணீரோ தேன் தண்ணீரோ போதாது. வயிறு நிறையும், சத்து இருக்காது. குழந்தைகளுக்கு விற்கிற டப்பா மாவைக் கரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. வேண்டாம். அதில் இரும்புச்சத்து சேர்த்திருப்பார்கள். லோரிகளுக்கு ஈரலில் இரும்பு தேங்கிக் கெடும் நோய் எளிதில் வரும். உணவிலுள்ள இரும்பை உடம்பு அதிகமாக இழுக்க வைக்கும் என்பதால் ஆரஞ்சு, சாத்துக்குடியையும் நான் கொடுப்பதில்லை.

டெல்டாவில் லோரி வளர்ப்பதற்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு: பூ. நம் வீட்டுச் செம்பருத்தி, முருங்கைப் பூ எல்லாம் அதற்கு விருந்து. சின்ன வயதில் வாழைப்பூ மடலை விலக்கி, சின்னப் பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சியிருப்போமே, அந்தப் பூக்களைச் சீப்பாக எடுத்துக் கூண்டில் செருகினால் என் லோரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் துழாவும். அரை மணி நேரம் சத்தமே இருக்காது, அதுவே ஒரு வரம். நியூ கினிப் பக்கம் வாழும் ஒரு லோரிக்கு ஆங்கிலத்தில் தென்னையின் பேரையே வைத்திருக்கிறார்கள். தென்னம்பாளை என்றால் அவற்றுக்கு அவ்வளவு இஷ்டம். ஒன்று மட்டும் கவனம். மருந்தடித்த வயலோரத்துப் பூவும், வேரில் மருந்து கட்டிய தென்னையின் பாளையும் வேண்டாம். சொந்தக் கொல்லையில் பூத்ததை மட்டும் பறியுங்கள்.

அசௌகரியம் வெயில். நெக்டார் நம் ஊர் வெயிலில் மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஒரு சித்திரை மாதம் மாயவரத்தில் கல்யாணம். காலை ஏழு மணிக்குக் கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போய் மூன்று மணிக்குத் திரும்பினோம். கிண்ணத்தின் மேலே நுரை, கள்ளுப் பானையைத் திறந்த வாசனை. பறவை பஞ்சு உருண்டை மாதிரி உப்பிக்கொண்டு கம்பியின் மூலையில் உட்கார்ந்திருந்தது. டாக்டரிடம் ஓடி, அது தேறப் பத்து நாள் ஆனது. அன்றிலிருந்து இரண்டு ஸ்டீல் கிண்ணம் மாற்றி மாற்றி. காலைக் கலவை பத்தரைக்குள் வெளியே வந்துவிடும், கிண்ணம் வெந்நீரில் குளிக்கும். மத்தியானம் வெறும் தண்ணீரும் பழமும். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் லோரி உங்களுக்கு இல்லை. இதில் சமாதானமே கிடையாது.

எறும்பு இன்னொரு கதை. இனிப்பு இருக்கும் இடம் நம் வீட்டு எறும்புக்குத் தெரியாதா? எறும்பு சாக்பீஸ் கோடு போடாதீர்கள், அது பறவைக்கும் விஷம். பாட்டி பால் பாத்திரத்துக்குச் செய்த வேலையைச் செய்யுங்கள்: கூண்டு ஸ்டாண்டின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். கொசு முட்டையிடாதபடி தண்ணீரை அடிக்கடி மாற்றினால் ஆயிற்று.

காக்டெயிலுக்கும் பட்ஜிக்கும் இந்தப் பாடெல்லாம் இல்லை. காலையில் தினை, சாமை, கம்பு கலந்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடமோ வங்கியோ போய்விட்டு வரலாம். சாயங்காலம் வரை கெடாது. பட்ஜிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை டீஸ்பூன் விதை, காக்டெயிலுக்கு ஒரு டேபிள்ஸ்பூன். நெல்லையும் காக்டெயில் உமியை அழகாக உரித்துத் தின்னும். ஆனால் சுலபம் என்பதே இங்கே பொறி. விதையில் வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். விதை மட்டுமே தின்ற பறவை சில வருடங்களில் மூக்கடைப்பு, மூச்சுத்திணறல், மங்கிய இறகு என்று வந்து நிற்கும். இதற்கு மருந்து கொல்லையிலேயே இருக்கிறது. ஒரு கொத்து முருங்கைக் கீரையை ஈரத்தோடு கூண்டில் கட்டித் தொங்கவிடுங்கள். அதில் புரண்டு குளித்துவிட்டுத் தின்னும். முளைகட்டிய கம்பும் நல்லது. சூரியகாந்தி விதை கொழுப்பு. கையில் வந்து உட்கார்ந்தால் இரண்டு, அவ்வளவுதான்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. கடைகளில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். தரங்கம்பாடி, நாகூர்ப் பக்கம் கடற்கரையில் நடந்தால் அதே ஓடு காலடியில் கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டாலும் தருவார்கள். பொறுக்கியதை இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கி, வெயிலில் காயவைத்துச் செருகுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் விதை டப்பாவை மோந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். பூசணம் பிடித்த விதையும் கடலையும் ஈரலைக் கெடுக்கும் விஷம். கொஞ்சமாக வாங்குவதே நல்லது.

இனி எச்சம். பறவை வாங்கப் போகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. பட்ஜியும் காக்டெயிலும் உலர்ந்த துளியாகப் போடும். தாளை மாற்றினால் வேலை முடிந்தது. லோரி தின்பது தண்ணீர், விடுவதும் தண்ணீர். வாலைத் தூக்கிப் பின்பக்கமாகப் பீய்ச்சும். முதல் மாதம் எங்கள் கூடத்துச் சுவர் வத்தல் குழம்பு தெறித்த அடுப்படி மாதிரி இருந்தது. இப்போது கூண்டு கொல்லைப்புறத் தாழ்வாரத்தில், மூன்று பக்கமும் அக்ரிலிக் ஷீட், கீழே சிமென்ட் தரை. தினமும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தள்ளினால் போதும். மாடிக் குடியிருப்பில், சுண்ணாம்படித்த சுவரோரம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். காக்டெயிலிடம் வேறு குறை: இறகிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டிக்கொண்டே இருக்கும். டிவி மேல், ஃபேன் இறக்கை மேல் மாவு பூசியதுபோலப் படியும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அதை வாங்க வேண்டாம்.

சத்தத்தில் லோரியை மிஞ்ச ஆளில்லை; பொதுச்சுவர் வீடு என்றால் பக்கத்து வீட்டாரிடம் முன்னாலேயே நல்லபடி பேசிவையுங்கள். காக்டெயில் விசிலடிக்கும். திருவாரூரில் அக்கா வீட்டுச் சேவல் காக்டெயில் குக்கர் விசிலைக் கற்றுக்கொண்டு, அக்காவை நாளுக்கு நாலு தடவை அடுப்படிக்கு ஓடவிடுகிறது. பேச்சு வேண்டுமென்றால் பட்ஜியைக் குறைவாக நினைக்காதீர்கள். 1,728 சொல் தெரிந்த பறவை என்று 1995 கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது ஒரு பட்ஜிதான்.

குணத்தில் லோரி ஒரு கோமாளி. மல்லாந்து படுத்துப் பந்து உருட்டும், குளிக்கத் தட்டில் குதிக்கும். ஆனால் மற்ற ஜாதிப் பறவைகளோடு ஒரே கூண்டில் விட்டால் கடித்துக் குதறிவிடும். காக்டெயில் சாது, கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. இருட்டில் பல்லி ஓடினாலும் தீபாவளி வெடி கேட்டாலும் கூண்டுக்குள் பதறி இறகை முறித்துக்கொள்ளும். ஒரு ஜீரோ வாட் பல்பு எரியவிட்டால் நல்லது. பட்ஜிக்கு மண் கலயத்தைக் கட்டினால் முட்டை வைத்துக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு இரண்டு ஈட்டுக்கு மேல் வேண்டாமென்றால் கலயத்தைக் கழற்றிவிடுங்கள்.

மூன்றுக்கும் பொதுவான எமன்கள்: சுழலும் சீலிங் ஃபேன், கருகும் நான்ஸ்டிக் சட்டியின் புகை, கொசுவத்தி, சாக்லேட், காபி, அவகாடோ. நான்ஸ்டிக் புகை சில நிமிடங்களில் பறவையை முடித்துவிடும். பச்சை மிளகாய்க்கு மட்டும் பயப்பட வேண்டியதில்லை; காரம் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை.

"நம்ம பச்சைக்கிளியையே வளர்த்தா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அறுவடை வயலில் கூட்டமாக இறங்கும் அந்தக் கிளியை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஆகவே அது இந்த ஒப்பீட்டிலேயே இல்லை. லோரிக்கும் காகித வேலை இருக்கிறது. சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பறவை என்பதால் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்பவரிடம் பதிவுச் சான்று இல்லையென்றால் வாங்காதீர்கள். பட்ஜியும் காக்டெயிலும் அந்தப் பட்டியலில் இல்லை.

விலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: ஒரு லோரியின் காசில் ஒரு கூண்டு நிறைய பட்ஜி வாங்கலாம். அதற்கப்புறம் மாதாமாதம் நெக்டார் பொடி வேறு. ஒழுங்காக வளர்த்தால் லோரியும் காக்டெயிலும் 15, 20 வருடம் இருக்கும். இன்று மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக வாங்கினால், அவள் வேலைக்குப் போன பிறகும் கிண்ணம் கழுவப்போவது நீங்கள்தான்.

இதையெல்லாம் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அவனும் அவன் மனைவியும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் வீடு. "அப்ப காக்டெயிலே வாங்கிக்கிறேண்ணே, ஒரு ஜோடி" என்றான். சரி என்றேன். நேற்று மறுபடி போன். "அண்ணே, முருங்கைக் கீரையைக் கட்டினேன். பயந்துபோய் மூலைக்குப் போயிடுச்சுங்க." நாலு நாள் அப்படியே கட்டு, தானாக வரும் என்று சொல்லியிருக்கிறேன்.