ஆக்டிவ் டைரக்டரி: எத்தனை வருஷம் ஓட்டினாலும் தீராத டிஎன்எஸ் எரிச்சல்

இருபது கம்ப்யூட்டர் உள்ள ஆபீசுக்கு ஆக்டிவ் டைரக்டரி (மைக்ரோசாஃப்டின் டைரக்டரி சர்வீஸ்) தேவையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். யூசர், குரூப், கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகும், எல்டாப் என்ற நெறிமுறை 389-ஆம் போர்ட்டில் அதைத் தேடித் தரும், கெர்பரோஸ் என்ற நெறிமுறை ஆளைச் சரிபார்க்கும் என்பது அவருக்கே தெரியும். அதனால் நேரே வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

டொமைனில் (டைரக்டரி ஆளும் வட்டம்) சேர்ந்த கம்ப்யூட்டர், டொமைன் கன்ட்ரோலரை (டைரக்டரியை வைத்திருக்கும் சர்வர்) தேடுவது, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் உள்ள எஸ்ஆர்வி ரெக்கார்டை (எந்தச் சேவை எந்த சர்வரில் என்று சொல்லும் பதிவு) வைத்துத்தான். அது உள் டிஎன்எஸ்ஸில் மட்டும்தான் இருக்கும். யாராவது ஒரு புண்ணியவான் 'பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 போட்டு வைப்பார். முதல் சர்வர் ஒரு தடவை தாமதித்தால் போதும், விண்டோஸ் இரண்டாவதைக் கேட்கும். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று அது சொல்லும். 'இல்லை' என்பதும் பதில்தான் என்பதால் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

வெளிப்படையாக விழுந்தாலாவது பரவாயில்லை. சேமித்து வைத்த பழைய லாகின் தகவலைப் பார்த்து விண்டோஸ் ஆளை உள்ளே விட்டுவிடும். குரூப் பாலிசி (கன்ட்ரோலரிலிருந்து இறங்கும் அமைப்புகள்) மட்டும் ஏறாது. ஷேர் ஃபோல்டர் திடீரென்று பாஸ்வேர்டு கேட்கும். சர்வரில் பாஸ்வேர்டை ரீசெட் செய்தால், அந்த மெஷினில் புதியது ஏறாமல் பழையதே ஓடும். எல்லோரும் பாஸ்வேர்டையே சந்தேகப்படுவார்கள்.

சரிசெய்வது லேசு. கிளையன்ட்டில் டிஎன்எஸ் முகவரியாக டொமைன் கன்ட்ரோலர்கள் மட்டும். வெளி முகவரிகளை, கன்ட்ரோலரின் டிஎன்எஸ்ஸில் ஃபார்வர்டராக (தனக்குத் தெரியாத பெயரை அனுப்பிக் கேட்கும் இடம்) போடுங்கள். கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி ரவுட்டரில் ஓடினால், டிஎன்எஸ் முகவரிக்கான ஆப்ஷன் 6 என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். ஐபிவி6 வழியாகவும் ரவுட்டர் தன் முகவரியை டிஎன்எஸ்ஸாக நுழைக்கும், அதைப் பலர் பார்ப்பதே இல்லை. எஸ்ஆர்வி ரெக்கார்டே காணாமல் போயிருந்தால், கன்ட்ரோலரில் நெட்லாகன் சர்வீசை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி பதிவாகும்.

கடிகாரம் இன்னொரு தொல்லை: கம்ப்யூட்டருக்கும் கன்ட்ரோலருக்கும் வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால் கெர்பரோஸ் கையை விரித்துவிடும்.

நியாயமாகச் சொன்னால், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை ஒரே கிளிக்கில் முடக்கும்போது இத்தனை கோபமும் இறங்கிவிடுகிறது. மெயில், விபிஎன், ஃபைல் சர்வர் என்று டைரக்டரியைக் கேட்கும் எதிலும் புதிதாக நுழைய முடியாது. கையில் உள்ள சர்வீஸ் டிக்கெட் (கெர்பரோஸ் ஏற்கெனவே தந்த நுழைவுச்சீட்டு) மட்டும் இயல்பு அமைப்பில் 10 மணி நேரம் வரை செல்லும் என்பதால், திறந்திருக்கும் செஷனையும் வெட்டிவிடுங்கள்.

இவ்வளவு வசதி இருந்தும், இருபது கம்ப்யூட்டருக்கு வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். ஒரே ஒரு கன்ட்ரோலரை வைத்துச் சமாளிக்கும் எண்ணமென்றால் சத்தியமாக வேண்டாம். போட்டே தீருவேன் என்றால் இரண்டு போடுங்கள், சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் (டைரக்டரியும் சேர்ந்த நகல்) எடுங்கள். டூம்ஸ்டோன் ஆயுள் (அழித்த பதிவின் அடையாளத்தை டைரக்டரி வைத்திருக்கும் காலம்) வழக்கமாக 180 நாள். அதைத் தாண்டிய பேக்கப் ரீஸ்டோருக்கு ஆகாது.