செலவுக் கணக்கு: யூபிஐ ஹிஸ்டரியா, பாக்கெட் நோட்டா?

காலேஜ் ஹாஸ்டல்ல இருக்குற புள்ளைங்க கைச்செலவ கவனிக்க யூபிஐ ஹிஸ்டரி போதும்னு பலர் சொல்றாங்க. தேதி, நேரம் எல்லாம் தானா பதிவாகும், உண்மைதான், ஆனா கடை பேரும் தொகையும்தான் இருக்கும், அந்த 60 ரூபா பஜ்ஜிக்கா ஜெராக்ஸுக்கான்னு மாசக்கடைசில யாருக்கு ஞாபகம் இருக்கும் சொல்லுங்க. சின்னச் செலவுக்குன்னு முன்னாடியே பணம் ஏத்தி வச்சுக்குற யூபிஐ லைட்னா இன்னும் மோசம், பின் நம்பர் கூட போடாம காசு போயிடும், பேங்க் ஸ்டேட்மென்ட்ல லைட்டுக்கு பணம் ஏத்துனது மட்டும்தான் வரும், தனித்தனி செலவுக்கு ஆப்லதான் தேடணும்.

நோட்டுல "ஜெராக்ஸ் 14, டீ 12, ரூம்மேட்டுக்கு கடன் 100"னு எழுதுனா எது தேவை எது ஆசைன்னு பளிச்சுனு தெரியும், பஸ்ல குடுத்த சில்லறையும் விடுபடாது. தினமும் எழுத சோம்பலா இருக்கும்தான். ஆனாலும் புதுசா பழகுறவங்களுக்கு என் ஓட்டு நோட்டுக்குத்தான், ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி ஹிஸ்டரிய பாத்து விட்டுப்போனத சேத்துக்கோங்க.