பனோரமா றோலைக் கழுவக் கொடுக்கிறவர்கள் கவனம்

கொழும்பில் பிலிம் கமராவில் பனோரமா, அதாவது மிக அகலமான படம், எடுக்கிறவர்கள் அதிகம் இல்லை, இருக்கிற ஒருசிலருக்காவது எனக்கு நடந்தது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஹொரைசன் 202 என்கிற பனோரமா கமரா. படம் எடுக்கும்போது லென்ஸே சுழன்று 120 பாகை அகலத்தைப் பிடிக்கும். ஒரு படம் 58 மில்லிமீற்றர் நீளம், அதனால் 36 பட றோலில் 22தான் தேறும். லென்ஸ் திரும்புகிற பக்கமாகவே ஒன்று நகர்ந்தால் படத்தில் இழுபட்டு நீளும், எதிர்ப்பக்கம் போனால் சுருங்கும். இதை ஆடிவேல் திருவிழா ரதத்தில் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை, செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை ரதத்தோடேயே நடந்து ஒரு றோலை முடித்தேன்.

கழுவக் கொடுத்த கடையில் வெட்டவும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், கழுவிச் சுருட்டித் தந்தால் போதும் என்று சொன்னேன், உறையிலும் எழுதிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்துப் போனால் எல்லாம் துண்டு துண்டு. சாதாரணப் படம் இடைவெளியோடு 38 மில்லிமீற்றர், ஆறு படத்துக்கு ஒரு வெட்டு என்று அந்தக் கணக்கிலேயே வெட்டியிருக்கிறார்கள், வெளிச்சத்தில் ஒருதரம் பிடித்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஐந்து படம் நடுவால் போய்விட்டது. ரதம் நான் நினைத்தபடியே நீண்டு விழுந்திருந்த படமும் அதில் ஒன்று, வெட்டு சரியாகச் சில்லுக்கு மேலே. போதாததற்கு 36 படத்துக்கு ஸ்கேன் காசு வேறு.

“எல்லா றோலும் இப்பிடித்தான் தம்பி வெட்டுறது” என்றார் கடைக்காரர். உறையைக் காட்டினேன். “புதுப் பொடியன், பார்க்கேல்லப் போல.” அரை மணித்தியாலம் நின்ற பிறகு ஸ்கேன் காசு மட்டும் திரும்பி வந்தது.

ஆகவே உறையில் எழுதினால் போதாது. றோலிலேயே ஒரு துண்டு ஒட்டுங்கள், கழுவுகிற ஆளையே கூப்பிடச் சொல்லி நேரே சொல்லுங்கள். ஹொல்கா என்கிற பிளாஸ்டிக் கமராவில் பிலிமை அரைவாசி அரைவாசியாகச் சுற்றி, படத்தோடு படம் சேர எடுக்கிறவர்கள் இன்னும் கவனம், அதில் இடைவெளியே இல்லை, எங்கே வெட்டினாலும் படத்தில்தான் விழும். கறுப்பு வெள்ளை என்றால் வீட்டிலேயே வெளிச்சம் புகாத டாங்கில் கழுவலாம், கலருக்குத்தான் மருந்தை 38 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்திருக்கிற வேலை இருக்கிறது. அடுத்த ஆடிவேலுக்கு நான் கறுப்பு வெள்ளைதான் போடுவேன்.