கூட்டமா, மண்டலமா?

திருவாரூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் இரவு வானம் காட்டுவதற்குக் கையேடு ஒன்று தயாரித்தோம். வானத்தில் விண்மீன்கள் சேர்ந்து ஓர் உருவமாகத் தெரியும் பகுதியைக் குறிக்கும் 'கான்ஸ்டலேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற விவாதம்தான் நீண்டது. நான் 'விண்மீன் மண்டலம்' பக்கம் நின்றேன், அதுவே அச்சானது.

'உடுத்தொகுதி' அழகுதான். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதலில் 'உடு' என்றால் விண்மீன் என்று விளக்க வேண்டும். 'நட்சத்திரம்' என்று தொடங்கினாலோ பேச்சு ஜாதகத்துக்குப் போய்விடுகிறது.

உண்மையான போட்டி 'விண்மீன் கூட்டம்'. இலத்தீன் மூலத்துக்கு நெருக்கமானதும் இதுதான்: 'கான்' என்றால் சேர்ந்து, 'ஸ்டெல்லா' என்றால் விண்மீன். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் சோதிடச் சொல்லாகவே வழங்கியது. வானத்து உருவங்களைக் குறித்தது பிறகுதான்.

ஆனால் அந்த மீன்கள் சேர்ந்து இருக்கின்றனவா? வேட்டைக்காரன் உருவமாகச் சொல்லப்படும் ஓரியனில் பெல்லாட்ரிக்ஸ் என்ற மீன் சுமார் 250 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதே ஓரியனில் உள்ள ரைகல் சுமார் 860. நம் கண்ணுக்குத்தான் அவை அருகருகே. கார்த்திகையோ மெய்யான கூட்டம்: ஒரே முகிலில் பிறந்து ஒன்றாக நகரும் மீன்கள். சங்கப் பாடல் 'அறுமீன்' என்றது இதைத்தான். 'கூட்டம்' என்ற சொல்லை இதற்கென்று வைத்திருக்க வேண்டும். அதை ஓரியனுக்கும் கொடுத்துவிட்டால் வேறுபாட்டைச் சொல்லச் சொல்லே இல்லாமல் போகும்.

மண்டலத்தை நான் விடாமல் பிடித்ததற்கு இன்னொரு காரணம் எல்லை. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1922இல் 88 மண்டலப் பெயர்களை ஏற்றது. பெல்ஜிய வானியலாளர் டெல்போர்ட் அவற்றுக்கு வகுத்த எல்லைகள் 1930இல் வெளியாயின. அன்று முதல் வானம் முழுவதும் வரப்புப் போட்ட வயல். எந்த மீனும் ஏதாவது ஒரு மண்டலத்துக்குள் விழுந்தே தீரும். சோழமண்டலத்தில் வாழும் நமக்கு மண்டலம் என்றால் நிலப்பரப்பு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி இரவில் திருவாதிரையைக் காட்டி, "ஓரியன் மண்டலத்தில் இருக்கிறது" என்கிறோம். அதற்குப் பக்கத்தில், உருவத்தில் சேராத மங்கலான மீனுக்கும் அதே விடை பொருந்துகிறது. 'கூட்டம்' என்றிருந்தால் அந்த மீன் வெளியே நின்றிருக்கும்.

'சூரிய மண்டலம்' குறுக்கே வருவது உண்மை. பாடநூல்களில் உள்ள 'சூரியக் குடும்பம்' அதைத் தீர்த்துவைக்கிறது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் மட்டுமே 'விண்மீன் மண்டலம்' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறோம். ஆங்கிலத்தில் வானியல் படிக்கும் கல்லூரி மாணவருக்கு எது வசதி என்பதை அவர்களே சொல்ல வேண்டும்.

நற்றிணை 'கைதொழு மரபின் எழுமீன்' என்று சொல்லும் ஏழும் தனி மண்டலம் அல்ல, பெருங்கரடி மண்டலத்துக்குள் தெரியும் ஓர் உருவம். கையேட்டில் அத்தகையவற்றை 'விண்மீன் உரு' என்று பிரித்து எழுதியிருக்கிறோம்.