முதல் டோஸ் எங்கே போடுவது: கிளினிக்கிலா, வீட்டிலா?

ஓபியாய்டு (ஹெராயின், அபின் வகை வலி மாத்திரை) பழக்கத்திலிருந்து மீளப் புப்ரெனார்ஃபின் என்ற மருந்தைத் தொடங்குகிறவர், மருத்துவர் முன்னால் உட்கார்ந்து முதல் டோஸ் போடலாம். வீடியோ காலில் பேசிவிட்டு வீட்டிலேயும் போடலாம். அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் நேரில் பார்த்த பிறகே எழுதித் தரச் சொன்னது. 2020 மார்ச்சில் அது தளர்ந்த பிறகுதான் இரண்டாவது வழி பரவியது. பயணமும் செலவும் மிச்சம் என்பது தெரிந்த விஷயம். நாங்கள் வீட்டுப் பக்கம் சாய்வது நேரக் கணக்கை வைத்து.

புப்ரெனார்ஃபின் மூளையில் ஓபியாய்டுகள் ஒட்டும் இடங்களை (ஏற்பிகளை) இறுகப் பற்றும், ஆனால் பாதியளவே தூண்டும். உடம்பில் ஹெராயின் மிச்சமிருக்கும்போது போட்டால் அதைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்துகொள்ளும். போதைப்பொருளை நிறுத்தும்போது மெல்ல மெல்ல ஏற வேண்டிய விலகல் அறிகுறிகள் ஒரே மணி நேரத்துக்குள் மொத்தமாக வந்து விழும். ஒருமுறை இதில் அடிபட்டவர் அந்த மாத்திரையை மறுபடி தொடவே பயப்படுவார். அதனால் ஹெராயின், வலி மாத்திரை என்றால் 12 முதல் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நீண்ட நேரம் உடம்பில் தங்கும் ஓபியாய்டான மெத்தடோன் என்றால் 48 முதல் 72 மணி நேரம், சிலருக்கு இன்னும் கூடுதல். விலகல் போதிய அளவு தொடங்கி உடம்பு மருந்துக்குத் தயாராவது விடியற்காலை மூன்று மணியாகவும் இருக்கலாம். கிளினிக் அப்பாயின்ட்மென்டோ பதினொரு மணிக்கு. சீக்கிரம் வந்தவரை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினால், அந்த நாளைக்குள் அவர் பழைய சரக்கைத் தேடிப் போய்விடுவார். சரியான நேரத்தில் வருகிறவர் வாந்தியும் நடுக்கமுமாக வரிசையில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் மாத்திரை கையில் தயாராக இருக்கும். உடம்பு தயாரானதும் போட்டுக்கொள்ளலாம்.

விலகல் எவ்வளவு என்று அளக்கும், 16 கேள்விகள் கொண்ட சோஸ் (SOWS) பட்டியலை நோயாளியே நிரப்பி, மொத்த மதிப்பெண் 17-ஐத் தொட்டால் தொடங்கலாம். வீடியோவில் ஜன்னல் வெளிச்சத்தில் கண்மணி விரிந்திருக்கிறதா, முன்கையில் மயிர்க்கூச்சம் இருக்கிறதா என்று பார்ப்போம். நாடித்துடிப்பை அவரே 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கிச் சொல்வார். வாயை ஈரமாக்கிக்கொண்டு 4 மி.கி. நாக்குக்கு அடியில். கரையப் பத்து நிமிடம்வரை ஆகும். அதுவரை பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்கினால் மருந்தில் பெரும்பகுதி வீண். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அறிகுறி குறையாவிட்டால் இன்னொரு 4 மி.கி. கரைந்து முடிந்ததும் வாயில் தண்ணீர் சுழற்றி விழுங்க வேண்டும்; பல் துலக்க ஒரு மணி நேரம் கழியட்டும்.

வீட்டு வழி சறுக்குகிற இடம் மருந்துக்கடை. வெள்ளி மாலை சீட்டு அனுப்பி, கடையில் இருப்பு இல்லையென்றால் திங்கள்வரை மருந்து கிடையாது. அனுப்பும் முன்பே கடைக்குப் போன் செய்து எந்த அளவு, மாத்திரையா, நாக்கடியில் கரையும் மெல்லிய ஃபிலிமா என்று கேட்க வேண்டும். ஏழு நாள் சீட்டு வார நடுவில் முடியட்டும். ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கினால் மீட்கும் நலாக்சோன் ஸ்ப்ரேயும் அதே சீட்டில் போக வேண்டும்.

மெத்தடோனிலிருந்து மாறுகிறவர், புப்ரெனார்ஃபினை மாத ஊசியாகப் போடுகிறவர், மதுவோ தூக்க மாத்திரையோ அதிகம் சேர்ந்தவர், தனியாகப் பேச அறை இல்லாதவர்: இவர்களுக்குக் கிளினிக்தான். மருந்தை உண்மையில் எடுக்கிறாரா என்று பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனையிலும் கிளினிக்கின் கை ஓங்கும். ஆனால் மாத்திரையைச் சிறுநீரில் கரைத்து ஏமாற்றினால், புப்ரெனார்ஃபின் ஏராளமாக இருக்கும், அது உடம்பில் சிதைந்து உண்டாகும் நார்புப்ரெனார்ஃபின் இருக்காது. ஆய்வகம் இதை எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

மிக வீரியமான செயற்கை ஓபியாய்டான ஃபென்டானிலில் மட்டும் எங்கள் உறுதி குறைவு. அது கொழுப்பில் தங்கி மெல்லக் கசிவதால், ஒரு நாள் காத்திருந்தும் சிலருக்குத் திடீர் விலகல் வந்துவிடுகிறது. முன்பு அப்படி ஆனவரை நேரில் வரச் சொல்வோம். வீட்டிலேயே நேர்ந்துவிட்டால் பெரும்பாலும் இன்னும் புப்ரெனார்ஃபின் கூட்டுவதுதான் வழி, கூடவே வாந்திக்கு ஆன்டான்செட்ரான். அந்த முடிவை நோயாளி தனியாக எடுக்கக் கூடாது. அன்றிரவு போனை எடுக்க ஆள் இல்லையென்றால் வீட்டில் தொடங்கவே வேண்டாம்.